சுஹைலியா, மாதேயியா? 32 அடியும் 56 அடியும்

வாடைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னைத் துறைமுகத்தில் சின்ன டிங்கிப் படகுகளில் பாய் ஓட்டப் பழகியவன் நான். சில வருடங்களில் நெடும்பயணத்துக்கு ஏற்ற ஒரு பழைய படகு வாங்க வேண்டும் என்று ஆசை. எவ்வளவு பெரியது வாங்குவது என்பதில்தான் குழப்பம். அதனால் நன்றாகத் தெரிந்த இரண்டு படகுகளை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். இரண்டும் இந்தியாவில் கட்டியவை, இரண்டும் உலகைச் சுற்றியவை.

முதலாவது சுஹைலி. பம்பாயில் தேக்கில் கட்டி 1964-இல் கடலில் இறக்கினார்கள். உடல் நீளம் 32 அடி 5 அங்குலம். முன்னால் ஒரு பாய்மரம், பின்னால் அதைவிடச் சின்னதாய் ஒன்று, அதாவது கெட்ச். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இதில்தான் 1968 ஜூன் 14-இல் இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22-இல் திரும்பினார். 312 நாள். அப்படிச் செய்த முதல் மனிதர் அவர்தான்.

இரண்டாவது, கடற்படையின் மாதேயி. கோவாவில் ரத்னாகர் தாண்டேகரின் அக்வாரியஸ் பட்டறையில் கட்டி 2009-இல் படையில் சேர்த்தார்கள். 56 அடி. ஹாலந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனத்தின் டோங்கா 56 வரைபடம். திலீப் தோண்டே இதில் 2009–10-இல் நான்கு துறைமுகங்களில் நின்று தனியாகச் சுற்றிவந்தார். அபிலாஷ் டோமி 2012 நவம்பர் 1-இல் மும்பையில் கிளம்பி, எங்கும் நிற்காமல் அடுத்த மார்ச் கடைசியில் திரும்பினார்.

ஒன்று 312 நாள், மற்றது ஐந்தே மாதம். அப்படியானால் பெரிய படகே நல்லது என்று விட்டுவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முயல்தீவு எழுதியது:

தம்பி, தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியில் பாதிக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும்.

நாள் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட வேண்டாம். புறப்பட்ட இடம் வேறு. சுஹைலி இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் முழுவதையும் இறங்கி, கடைசியில் அதையே ஏறி வரவேண்டியிருந்தது. ஓடியது 30,000 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேல். மாதேயி மும்பையிலிருந்து மும்பைக்கு ஏறத்தாழ 23,000. ஒரு நாளைக்குப் பிரித்தால் சுஹைலி 97 மைல், மாதேயி 150-ஐத் தாண்டும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைத்த அளவுக்கு இல்லை.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. நீர்க்கோட்டில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். சுஹைலிக்கு நீர்க்கோட்டு நீளம் 28 அடி, அதாவது 7.1 நாட். மாதேயிக்கு 50 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், 9.5 நாட். அதற்கு மேல் போக வேண்டுமானால் தான் எழுப்பிய அலையின் மீதே படகு ஏற வேண்டும். கனத்த படகால் அது முடியாது.

அடுத்தது எடை. சுஹைலி சுமார் 10 டன், மாதேயி 23 டன். நீளத்தோடு சேர்த்துப் பார்த்தால் கனமானது சுஹைலிதான். அந்த 28 அடிக்குள் 10 டன் என்பது மிக அதிகம். அதன் வரைபடம் அமெரிக்காவின் வில்லியம் அட்கின் 1920-களில் போட்ட ‘எரிக்’. அதற்கும் மூலம் நார்வேயில் காலின் ஆர்ச்சர் கட்டிய மீட்புப் படகுகள். புயலில் வெளியே போய் மீனவர்களைக் காப்பாற்றக் கட்டியவை அவை. வேகம் அவர்கள் கணக்கிலேயே இல்லை. எதிர்காற்றில் சுஹைலி திணறும். காற்று பின்னாலிருந்து வந்தால் நிதானமாக, தடுமாறாமல் போகும்.

என் கருத்து பெரிய படகுதான். பொருள் வைக்க இடம், தண்ணீர் வைக்க இடம், ஒரு நாள் முன்பே புயலை விட்டு விலகும் வேகம். இந்த மூன்றும் போதும்.

ஏரிக்கரை எழுதியது:

வணக்கம். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். ஒன்ராறியோ ஏரியில் 1970-களில் கட்டிய 30 அடி ஃபைபர் படகொன்றை வைத்து ஓட்டுகிறேன். முயல்தீவு ஐயா சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் கணக்கு நீளத்தோடு நின்றுவிட்டது. பாயின் இழுவையையும் அதில் சேர்க்க வேண்டும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 20 நாட் காற்றில் கையால் இழுத்த கயிற்றை 40 நாட்டில் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) இல்லாமல் தொடவே முடியாது. சுஹைலியின் மொத்தப் பாய்ப்பரப்பு 660 சதுர அடி அளவில். அதுவும் இரண்டு மரங்களிலும் முன்பக்கக் கம்பிகளிலுமாகப் பல துண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒவ்வொரு பாயும் ஒரு மனிதர் மடக்கிக் கட்டக்கூடிய அளவு. மாதேயி வகையில் ஒரே மரம், 25 மீற்றர் உயரம். எட்டு மாடிக் கட்டிடம். அதன் உச்சியில் ஒரு கப்பி உடைந்தால் ஆடுகிற கடலில் ஒரு ஆள் ஏற வேண்டும்.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் உட்கார்ந்து ஊசி நூலால் பாய் தைத்தவர். ஒரு தடவை மீசையும் சேர்ந்து தையலில் மாட்டிக்கொண்டது என்று அவரே எழுதியிருக்கிறார். மடியில் போட்டுத் தைக்கக்கூடிய பாய் அது. 56 அடிப் படகின் பெரிய பாயைத் தனி ஆள் காக்பிட்டுக்கு இழுத்துவந்து தைப்பதென்றால் அதுவே ஒரு நாள் வேலை.

வாடைக்காற்று எழுதியது:

ஏரிக்கரை அண்ணா, அப்படியானால் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தெரிந்தேதான் சின்னப் படகைத் தேர்ந்தெடுத்தாரா?

ஏரிக்கரை எழுதியது:

இல்லை தம்பி, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் விரும்பியது வேறு படகு. காலின் மூடி என்ற வடிவமைப்பாளரிடம் 53 அடி எஃகுப் படகொன்று வரைந்து வாங்கினார். கட்டக் காசு கிடைக்கவில்லை. விளம்பரதாரர்களும் வரவில்லை. கடைசியில் கையில் இருந்த சுஹைலியிலேயே போனார்.

சுஹைலி அவருக்குப் புதிய படகல்ல என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர் கட்டச் சொன்ன படகு, பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி இங்கிலாந்துக்கு அதிலேயே வந்து சேர்ந்தவர். எந்தப் பலகை முனகும், எந்த போல்ட் துருப்பிடிக்கும் என்று தெரிந்தே 1968-இல் கிளம்பினார். அது கோல்டன் குளோப் என்ற பந்தயம். அதில் புறப்பட்டது ஒன்பது பேர், முடித்தவர் அவர் ஒருவர்தான். சிலரிடம் சுஹைலியைவிடப் பெரிய, வேகமான படகுகள் இருந்தன.

முயல்தீவு எழுதியது:

முடித்தார் என்பது சரி. ஆனால் எப்படி முடித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். கேப் வெர்டே தீவுகளைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே கீலுக்கு (படகின் அடியில் நீளும் முதுகுக்கு) அருகே பலகை இணைப்பில் தண்ணீர் கசிந்தது. அவர் கடலில் குதித்து, மூச்சை அடக்கி, இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே கேன்வாசும் செப்புத் தகடும் வைத்து ஆணி அடித்தார். நடுவில் சுறா வந்தது, துப்பாக்கியால் சுட்டார். பிறகு குடிநீர்த் தொட்டி கெட்டு மழைநீரை நம்பினார். ரேடியோ செத்தது. ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது தானே திசைபிடிக்கும் கருவியும் உடைந்தது. தென்கடலில் ஒரு அலை படகைப் பக்கவாட்டில் சாய்த்ததில் அறையின் மேற்கூடே அசைந்துவிட்டது.

எங்கள் ஊரில் மரத்தோணிக்குக் கலப்பத்து அடிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். பலகைக்கு நடுவே பஞ்சு போய்விட்டால் படகு நாளுக்கு நாள் கனக்கும். பாதிக் கைவேலை பம்ப் அடிப்பதிலேயே போகும். மாதேயிக்கு அந்தத் தொல்லையே கிடையாது. உள்ளே மரம், வெளியே கண்ணாடி இழையும் ரெசினும். இணைப்பே இல்லாத ஒரே ஓடு. 45 வருட முன்னேற்றம் என்றால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

ஏரிக்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன அத்தனையும் சுஹைலிக்கு எதிரான சாட்சி என்று வைத்தீர்கள். எனக்கு அது அப்படியே ஆதரவாகத் தெரிகிறது. பஞ்சு, கேன்வாஸ், செப்புத் தகடு, ஆணி. இந்த நான்கை வைத்து நடுக்கடலில், தண்ணீருக்கு அடியில், ஒரு மனிதர் ஓட்டையை அடைத்தார்.

திசைபிடிக்கும் கருவி உடைந்த பிறகும் பாதி உலகம் மிச்சம் இருந்தது. எப்படி வந்தார்? முன்பாயையும் பின்மரத்துப் பாயையும் கூட்டிக் குறைத்து, டில்லரை (சுக்கான் பிடியை) கட்டி வைத்துவிட்டுத் தூங்கினார். முன்னிருந்து பின்வரை நீளும் முழுக் கீல், அதன் முடிவிலேயே சுக்கான். அந்த மாதிரி உடல் பிடித்த திசையை எளிதில் விடாது. குறுகிய ஃபின் கீலும் தனியாகத் தொங்கும் சுக்கானும் கொண்ட இந்தக் காலத்துப் படகு சட்டென்று திரும்பும், நன்றாக ஓடும். ஆனால் யாரோ ஒருவர், இல்லாவிட்டால் ஏதோ ஒரு கருவி, எப்போதும் திசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குடிநீர் விஷயத்தில் காலம் மாறியும் கதை மாறவில்லை. அபிலாஷ் டோமியின் பயணத்தில் மாதேயியிலும் நன்னீரில் டீசல் கலந்து, கடைசிக் கட்டத்தில் மிகக் குறைந்த நீரில்தான் ஓட்டினார்.

புதுவைக்கரை எழுதியது:

இவ்வளவு நேரமாகத் தாரிணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! மாதேயியின் தங்கைப் படகு அது. அதே டோங்கா 56, அதே கோவாப் பட்டறை, 2017-இல் படையில் சேர்ந்தது. அந்த வருடம் செப்டம்பரில் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் கிளம்பி 2018 மே 21-இல் கோவா திரும்பினார்கள்.

அப்புறம் 2024 அக்டோபர் 2-இல் அதே தாரிணியில் இரண்டே பேர்: கோழிக்கோட்டின் தில்னா, எங்கள் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. ஃப்ரீமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் என்று நான்கு இடங்களில் நின்று 2025 மே மாதக் கடைசியில் கோவா வந்து சேர்ந்தார்கள். நிலத்திலிருந்து மிகத் தொலைவான பாயின்ட் நேமோ வழியாகவும் போனார்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னைப் பாயில் தாண்டினாள் என்பதை நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

23 டன் படகை இரண்டு பெண்கள் ஓட்டினார்கள். ஏரிக்கரை அண்ணா, பெரிய படகு கைக்கு அடங்காது என்ற வாதம் இதோடு தீர்ந்துபோகிறதே?

ஏரிக்கரை எழுதியது:

அவர்கள் செய்தது பெரிய சாதனை தங்கச்சி, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவர்கள் பின்னால் இருந்தது என்னவென்றும் பாருங்கள். வருடக்கணக்கான பயிற்சி, வரிசையாகப் பெருங்கடல் பயணங்கள், நான்கு துறைமுகங்களிலும் பழுது பார்க்க ஏற்பாடு, பின்னணியில் ஒரு கடற்படை. 2018-இல் கடைசிக் கட்டத்தில் தாரிணியின் திசைதிருப்பும் அமைப்பு பழுதாகி மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் நிற்க வேண்டி வந்தது நினைவிருக்கும். கடற்படைப் படகுக்கு உதிரிப் பாகம் வந்து சேரும். வாடைக்காற்றுத் தம்பிக்கு யார் அனுப்புவார்கள்?

புதுவைக்கரை எழுதியது:

அது நியாயமான கேள்விதான் அண்ணா. ஆனால் சுஹைலி மாதிரிப் படகே பாதுகாப்பு என்று முடித்துவிடவும் முடியாதே. அபிலாஷ் டோமி 2018-இல் கோல்டன் குளோப் மறுபந்தயத்துக்குப் போனது துரியாவில். சுஹைலியின் நகல், அதையும் கோவாவில் தாண்டேகர்தான் கட்டினார். செப்டம்பர் 21-இல் தென் இந்தியப் பெருங்கடல் புயலில் அது உருண்டு, பாய்மரம் உடைந்து, அவர் முதுகெலும்பு அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கி ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டுபோனது. அதே வரைபடத்தில் வந்த படகு. அப்படியானால் சுஹைலி தப்பியதில் வானிலைக்குப் பங்கே இல்லையா?

முயல்தீவு எழுதியது:

இந்தப் பதிவுதான் விஷயத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. 1979-இல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயல் அடித்து 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தொட்டியில் மாதிரிப் படகுகளை வைத்துச் சோதனை செய்தார்கள். பக்கவாட்டில் உடைந்து விழும் அலையின் உயரம் படகு நீளத்தில் 30 சதவீதத்தை எட்டினாலே சில படகுகள் படுத்துவிடும், 60 சதவீதத்தை எட்டினால் முழுதாக உருளும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் சுருக்கம்.

நம் படகுகளுக்குப் போட்டுப் பார்க்கிறேன். சுஹைலி 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைப் படுக்கவைக்க 3 மீட்டர் உடைஅலை போதும், உருட்ட 6 மீட்டர். மாதேயி 17 மீட்டர். படுக்கவைக்க 5 மீட்டருக்கு மேல் வேண்டும், உருட்ட 10 மீட்டர் அளவில். தென்கடலில் 6 மீட்டர் அலை அடிக்கடி வரும். 10 மீட்டர் அலை, அதுவும் உங்கள் மேலேயே உடைவது, அரிது. இந்த ஒரு விஷயத்தில் நீளத்துக்கு ஈடாக வேறெதையும் வைக்க முடியாது. நான் பெரிய படகின் பக்கம் நிற்பதற்குக் காரணமே இதுதான்.

சின்னப் படகில் போகிறவர் அலையைப் பக்கவாட்டில் வாங்கவே கூடாது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கனமான மிதக்கும் கயிற்றை நூற்றுக்கணக்கான அடி நீளத்தில் வளையமாகப் பின்னால் விட்டு, படகின் பின்பக்கத்தை அலைக்கு நேராகப் பிடித்து வைத்தார். சுஹைலியின் பின்பக்கமும் முன்பக்கம் போலவே கூர்மையானது. வரும் அலை அதில் இரண்டாகப் பிரிந்து போகும்.

ஏரிக்கரை எழுதியது:

அதற்கு மறுப்பில்லை ஐயா. உருளும் கணக்கில் நீளம்தான் ராசா.

ஆனால் டோமி அடுத்து என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதுகுத்தண்டில் டைட்டானியம் வைத்துக்கொண்டு 2022-இல் மறுபடி அதே பந்தயத்துக்குப் போனார். விதிப்படி 32 முதல் 36 அடி வரைதான் அனுமதி. 56 அடிப் படகு அங்கே கேள்வியிலேயே இல்லை. அந்த வரம்புக்குள் அவர் எடுத்தது ரஸ்ட்லர் 36, ஃபைபர் படகு, நீளமான கீல். 2018 பந்தயத்தில் ஜான்-லுக் வான் டென் ஹீட் முதலில் வந்ததும் ரஸ்ட்லர் 36-இல்தான். டோமி 236 நாளில் இரண்டாவதாக வந்தார். காற்றில் திசைபிடிக்கும் கருவி உடைய உடைய, படகுக்குள் இருந்த பலகைகளை அறுத்தே பாகம் செய்து மாட்டினார்.

ஒரே மனிதர் 56 அடி, 32 அடி, 36 அடி என்று மூன்றிலும் தென்கடலுக்குப் போயிருக்கிறார். சுஹைலியின் கீலும் மாதேயியின் ஒற்றை ஓடும் ரஸ்ட்லரில் சேர்ந்தே இருக்கின்றன. தம்பிக்கு நான் காட்டும் திசை அதுதான்.

வாடைக்காற்று எழுதியது:

அருமை. 56 அடி என் பட்ஜெட்டிலும் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை. முயல்தீவு ஐயா, மரப் படகு கிடைத்தால் வாங்கலாமா? சுஹைலி இன்னும் மிதக்கிறதாமே.

முயல்தீவு எழுதியது:

மிதக்கிறது, ஆனால் பெரும் உழைப்பில். 1990-களில் அதை லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கட்டுப்படுத்திய உலர்ந்த காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்க ஆரம்பித்தன. நாக்ஸ்-ஜான்ஸ்டனே திரும்ப எடுத்துக்கொண்டுபோய், வருடக்கணக்கில் வேலை பார்த்து, 2016-இல் மறுபடி நீரில் இறக்கினார். தேக்கு மக்கவில்லை. அதைக் கட்டிவைத்த இரும்புதான் போயிருந்தது.

நம் கடலில் இன்னும் கஷ்டம். வெதுவெதுப்பான நீரில் கப்பல்புழு வேகமாகத் துளைக்கும். வெயிலில் தளப் பலகை பிளக்கும். பக்கத்திலேயே தச்சர் இருந்து, வருடாவருடம் கரையேற்ற முடிந்தால் மட்டும் மரத்தை யோசியுங்கள். இல்லையென்றால் நல்ல தடிமனான பழைய ஃபைபர்.

புதுவைக்கரை எழுதியது:

எங்கே நிறுத்துவீர்கள் தம்பி? சென்னையில் இப்படிப் படகு நிறுத்த முறையான மரீனா (பாய்ப்படகுத் துறை) கிடையாது. கொச்சி போல்காட்டியில் இருக்கிறது. முதலில் கீல் ஆழத்தைக் கேளுங்கள். சுஹைலிக்கு ஐந்தரை அடித் தண்ணீர் போதும். கீல் ஆழமான படகு என்றால் நுழையக்கூடிய முகத்துவாரங்கள் குறைந்துபோகும்.

ஏரிக்கரை எழுதியது:

கொச்சியில் படகு பார்க்கப் போனால் வெயில் நேரத்தில் வெள்ளைப் பூச்சைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உள்ளே போய், பாய்மரக் கம்பிகள் உடலோடு பொருந்தும் இரும்புப் பட்டைகளைச் சுற்றி ஈரக்கறை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய ஃபைபர் படகில் முதலில் போகிறது அந்த இடம்தான். சுக்கானைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

அப்புறம் உரிமையாளரைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, எஞ்சினும் கரண்டும் இல்லாமல், நீங்கள் ஒருவராகவே பெரிய பாயை ஏற்றி, பாதிக்குச் சுருக்கி, இறக்கிக் கட்டிப் பாருங்கள். மூச்சு வாங்கி நடுவில் உட்கார வேண்டி வந்தால் அதைவிட இரண்டு மூன்று அடி சின்னதாக இருக்கும் அடுத்த படகைப் பாருங்கள்.

வாடைக்காற்று எழுதியது:

அப்படியே செய்கிறேன் அண்ணா. 36 அடிக்கு மேல் இப்போதைக்குப் பார்ப்பதில்லை. கீல் ஆழம், இரும்புப் பட்டை, சுக்கான் மூன்றையும் படம் எடுத்து இதே இழையில் போடுகிறேன். முயல்தீவு ஐயா, அந்த மிதக்கும் கயிறு என்ன தடிமனில் வாங்க வேண்டும் என்று அப்போது சொல்லுங்கள்.